இரும்புக்கையும் இசைத்தட்டும்

1962 அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை. அன்று பிரிட்டனின் கடைகளுக்குப் பீட்டில்ஸ் குழுவின் முதல் சிங்கிள் இசைத்தட்டான 'லவ் மீ டூ' வந்தது. அதே நாள் மாலை லண்டன் திரையரங்கு ஒன்றில் முதல் ஜேம்ஸ்பாண்ட் படமான 'டாக்டர் நோ' திரையிடப்பட்டது. அடுத்த நாளின் தேதியை அட்டையில் தாங்கி 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழின் முதல் இதழ் வெளிவந்தது. பிரிட்டிஷ் வார இதழ்கள் அட்டைத் தேதிக்குச் சில நாள் முன்பே கடைக்கு வந்துவிடும். ஆகவே பாட்டும் படமும் படக்கதையும் ஒரே வாரத்துப் பொருள்கள். அந்த இதழில்தான் லூயிஸ் கிராண்டேல் அறிமுகமானார். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். உடலில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார், கை மட்டும் வெளியில் தெரியும். பத்தாண்டு கழித்துச் சிவகாசி அவருக்கு 'இரும்புக்கை மாயாவி' என்று பெயர் வைத்தது.

இந்த மூன்றும் ஒரே வாரத்தில் பிறந்தது தற்செயல்தான். ஆனால் அந்தப் படக்கதைகளும் அந்தப் பாட்டும் வளர்ந்த இடம் ஒன்று. 'வேலியன்ட்'டை வெளியிட்ட ஃப்ளீட்வே நிறுவனத்தின் பழைய பெயர் அமால்கமேட்டட் பிரஸ். 1959-இல் அதை மிரர் பத்திரிகைக் குழுமம் வாங்கிப் பெயரை மாற்றியது. 1961-இல் ஓதம்ஸ் நிறுவனமும் அதே குழுமத்தின் கைக்குப் போனது. 'மெலடி மேக்கர்' என்ற இசைப் பத்திரிகை ஓதம்ஸின் சொத்து. 1963-இல் இவையெல்லாம் ஐ.பி.சி. என்ற ஒரே பெரிய நிறுவனத்துக்குள் அடங்கின. 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' என்ற இன்னொரு பாப் பத்திரிகையும் அந்த அறுபதுகளிலேயே அதன் கீழ் வந்தது. மாயாவியின் சாகசத்தையும் எந்தப் பாட்டு முதலிடம் என்ற பட்டியலையும் ஒரே முதலாளிதான் அச்சடித்து விற்றார். வாங்கியதும் ஒரே தலைமுறை, பெரும்பாலும் ஒரே பெட்டிக்கடையில்.

இரண்டுக்கும் ஒரே கால அளவும் இருந்தது. 1952 பிப்ரவரியில் 'லயன்' வார இதழ் தொடங்கியது. ஆர்ச்சி என்ற ரோபோ அதன் முதல் இதழிலேயே இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 14-இல் 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' பிரிட்டனின் முதல் பாடல் விற்பனைப் பட்டியலை வெளியிட்டது. வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம் கதை, கடைசிக் கட்டத்தில் ஆபத்து, மிச்சம் அடுத்த வாரம். பாட்டும் அப்படித்தான், போன வாரம் ஏழாமிடம் என்றால் இந்த வாரம் எத்தனையாவது என்று காத்திருக்க வேண்டும். நம் பக்கத்திலும் அதே 1952-இன் கடைசியில் ரேடியோ சிலோனில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' வாரந்தோறும் இந்திப் பாடல்களை ஒலிபரப்பத் தொடங்கியது. வாரம் என்ற அளவுகோலால் இளைஞர்களைக் கட்டிப்போடலாம் என்று மூன்று இடத்துக்காரர்கள் ஒரே ஆண்டில் கண்டுகொண்டார்கள்.

பெண்பிள்ளைகளுக்கான இதழ்களில் இந்தப் பிணைப்பு இன்னும் இறுக்கம். அமால்கமேட்டட் பிரஸ் 1957-இல் தொடங்கிய 'வேலன்டைன்' இதழின் காதல் படக்கதைகள் பிரபலப் பாடல்களை வைத்தே புனையப்பட்டவை. பாட்டின் தலைப்பே கதையின் தலைப்பு. 1964 ஜனவரியில் ஃப்ளீட்வே 'ஃபேபுலஸ்' இதழைப் பீட்டில்ஸ் படங்களோடு கொண்டுவந்தது. அதே மாதம் ஸ்காட்லாந்தின் டண்டி நகரிலிருந்து டி.சி. தாம்சன் நிறுவனம் 'ஜாக்கி'யைத் தொடங்கியது. படக்கதை, அழகுக் குறிப்பு, நடுப்பக்கத்தில் பாடகரின் வண்ணப்படம் என்பது அதன் சூத்திரம். எழுபதுகளின் நடுவில் அது வாரம் ஆறு லட்சம் பிரதி விற்றது. நடுப்பக்கத்தைப் பிரித்துச் சுவரில் ஒட்டாத வீடு குறைவு என்பதால், அந்தப் பக்கத்தோடு முழுமையாகத் தப்பிய பிரதிக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்பு அதிகம்.

பிரிட்டிஷ் சேகரிப்பாளர் எதைத் தேடுகிறார் என்பது இதிலிருந்தே புலப்படும். அவருக்குக் கதை மட்டும் போதாது. இதழோடு இலவசமாகக் கொடுத்த விசில், பின்னட்டை விளம்பரம், போட்டிக் கூப்பன், வாசகர் வாக்கு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அந்த வாரத்தையே முழுசாகக் கையில் பிடிக்க விரும்புகிறார். பாப் இசைத்தட்டு சேகரிப்பவரின் ஆசையும் இதே மாதிரியானது. ஜான் மேயாலின் குழு எரிக் கிளாப்டனோடு 1966-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பை உலகம் 'பீனோ ஆல்பம்' என்றே அழைக்கிறது. அட்டைப்படத்தில் கிளாப்டன் 'பீனோ' காமிக்ஸை விரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார். காமிக்ஸ் சேகரிப்பவரும் இசைத்தட்டு சேகரிப்பவரும் போட்டியிட்டு வாங்கும் பொருள்களில் அது ஒன்று.

சிவகாசிக்கு வந்தபோது இந்தப் பிணைப்பு அறுந்தது. 1972 ஜனவரியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர் முல்லை தங்கராசன். தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் நாட்காட்டியும் அச்சடித்துத் தேர்ந்த ஊர், வண்ண அட்டைக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. முத்து காமிக்ஸ் கதைகளைத் துண்டு துண்டாகத் தரவில்லை, ஒரு வெளியீட்டில் ஒரு முழுக்கதை தந்தது. ஃப்ளீட்வே 1967-இல் தொடங்கிய 'சூப்பர் லைப்ரரி' புத்தகங்கள் இதற்கு வசதியாக அமைந்தன. மாயாவி, ஸ்பைடர், ஜானி நீரோ, நாம் லாரன்ஸ்-டேவிட் என்று அறிந்த உளவாளிகள் எல்லாருக்கும் அதில் முழுநீளக் கதைகள் இருந்தன. கதை வந்தது, வாரம் வரவில்லை. பாடகர் படம், இசைத்தட்டு விளம்பரம், கூப்பன் எதுவும் கடல் தாண்டவில்லை.

இதை இழப்பு என்று மட்டும் சொல்லிவிட மாட்டேன். பிரிட்டனில் 'லயன்' 1974-இல் 'வேலியன்ட்'டோடு கலந்து மறைந்தது, 'வேலியன்ட்' 1976-இல் இன்னொரு இதழில் கரைந்தது. அங்கே அந்த நாயகர்கள் பழங்கதை ஆன பிறகு, 1984-இல் சிவகாசியிலிருந்து எஸ். விஜயனின் லயன் காமிக்ஸ் புறப்பட்டது. அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ்பாண்டோடு வந்தது. ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் 1938-இல் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். மாயாவியை வரைந்தவர் பார்சிலோனாவின் ஹெசூஸ் பிளாஸ்கோ. அமெரிக்கரின் எழுத்தும் ஸ்பானியரின் தூரிகையும் லண்டன் வழியாகச் சாத்தூர் பேருந்து நிலையக் கடை வரைக்கும் வந்து தொங்கின. எண்பதுகளில் அவற்றைப் படித்த பிள்ளைகளுக்கு அந்த நாயகர்கள் அன்றைய ஆட்கள். 'சட்டித்தலையன்' என்று ஆர்ச்சிக்குப் பட்டப்பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். ஒரு வார இதழின் குப்பையாகிப் போக இருந்த படக்கதை தமிழில் முழு நூலின் மரியாதை பெற்றது.

வந்த படங்கள் அப்படியே அச்சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாடஸ்டி பிளைஸி என்ற சாகச நாயகியின் கதைகளிலும் ஜேம்ஸ்பாண்ட் கதைகளிலும் பெண்களின் உடை குறைவாக இருந்த இடங்களில் மையால் ஆடையை நீட்டினார்கள். லண்டனிலும் இதே வேலைக்கு ஆள் இருந்தது. பின்னாளில் 'பெட் ஷாப் பாய்ஸ்' இரட்டையரில் ஒருவராக உலகப் புகழ் பெற்ற நீல் டெனன்ட், 1975 முதல் இரண்டு ஆண்டுகள் மார்வெல் நிறுவனத்தின் லண்டன் பிரிவில் இருந்தார். அமெரிக்க எழுத்துக்கூட்டலைப் பிரிட்டிஷ் வழக்குக்குத் திருத்துவதும், பிரிட்டிஷ் வாசகருக்கு எந்தப் பெண் உருவத்தைக் கொஞ்சம் அடக்கமாக மாற்றி வரைய வேண்டும் என்று குறிப்பதும் அவர் வேலை.

சரி, அறுந்துபோன பாட்டு என்ன ஆயிற்று? தமிழ்ச் சிறுவன் மாயாவியை மௌனத்தில் படிக்கவில்லை என்பதே நான் சொல்ல வருவது. 'வேலியன்ட்'டின் பக்கத்தில் நின்ற இசை, முத்து காமிக்ஸுக்கு முன்பே வேறு வழியில் இங்கே வந்துவிட்டிருந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'வல்லவன் ஒருவன்' (1966) என்று துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளியது. அவற்றுக்கு இசை வேதா. நடிகர் ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆக்கியதில் அவருடைய கிட்டாருக்கும் பாங்கோவுக்கும் பெரும் பங்கு உண்டு. வேதா இந்தி மெட்டுகளை எடுத்துக்கொண்டார் என்று குறை சொல்வோர் உண்டு. மெட்டு எங்கிருந்து வந்தாலும், இருட்டு அறை, முகமூடி, துரத்தல் என்றவுடன் தமிழ்க் காதுக்குள் ஒலிக்கும் ஓசையை உருவாக்கியவர் அவர்தான் என்பேன். 1967-இல் வந்த ஏவி.எம்.மின் 'அதே கண்கள்' முகமூடிக் கொலைகாரனின் கதை. அதன் வாத்திய ஓசையைக் கேட்டுவிட்டு 'இரும்புக்கை மாயாவி'யைத் திறந்தால், கை மட்டும் மிதந்து வரும் கட்டத்துக்கு எந்த இசை பொருந்தும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லண்டனில் ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டும் தமிழில் சிவகாசி வழியாகவும் கோடம்பாக்கம் வழியாகவும் தனித்தனியே வந்து வாசகனின் தலைக்குள் சேர்ந்துகொண்டன.

பீட்டில்ஸுக்கும் இந்தியாவுக்கும் இடையில் சேகரிப்பாளர்கள் மட்டுமே அறிந்த தொடர்பு ஒன்று உண்டு. பிரிட்டனில் 78 சுழற்சி இசைத்தட்டுகள் 1960 வாக்கில் நின்றுவிட்டன. ஆகவே பீட்டில்ஸ் பாடல்கள் அங்கே 78-ஆக வந்ததே இல்லை. ஆனால் கல்கத்தா டம்டம் ஆலையில் கிராமபோன் கம்பெனி அவற்றை 78-ஆகவும் அச்சிட்டது. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்கள் இங்கே இன்னும் புழக்கத்தில் இருந்ததே காரணம். எளிதில் உடையும் அரக்குத் தட்டுகள், குறைந்த எண்ணிக்கை. இன்று உலகெங்கும் பீட்டில்ஸ் சேகரிப்பவர்கள் தேடியலைவது இந்தியாவில் அச்சான அந்தத் தட்டுகளை. ஏழ்மைக்காகச் செய்யப்பட்ட பதிப்பு அரும்பொருளாகியிருக்கிறது. மலிவுத் தாளில் அச்சான முத்து காமிக்ஸ் முதல் பதிப்புகளின் கதையும் ஏறக்குறைய அதுவே.

சென்னையில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் கிடைத்த இடம் மூர் மார்க்கெட். சென்ட்ரல் நிலையத்தின் அருகில் பழைய புத்தகக் கடைக்குப் பக்கத்திலேயே பழைய கிராமபோன் தட்டுக் கடை இருந்தது. 1985 மே 30-இல் அது தீக்கிரையானது. வியாபாரிகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள், புத்தகம் வேறு தட்டு வேறு என்று வாடிக்கையாளர்களும் பிரிந்தார்கள். காமிக்ஸ் சேகரிப்பு தனக்கென்று ஓர் உலகமானது. 2012-க்குப் பிறகு லயன்-முத்து நிறுவனமே நல்ல தாளில் மறுபதிப்புகள் கொண்டுவந்தது. கதையைப் படிக்க விரும்பியவருக்கு அது பெரும் வரம். ஆனாலும் எழுபதுகளின் பிரதிகளைத் தேடுவோர் குறையவில்லை. அவர்களுக்கு வேண்டியது அந்தக் காலத்துத் தாளும் மையும் மணமும்தான்.

அவர்களிடம் நான் முன்வைக்க விரும்பும் வாதம் ஒன்று. வாடகை நூலகங்கள் காமிக்ஸைத் தைத்து, ஓரத்தை வெட்டி, காலிகோ ஒட்டின. அட்டை போனது, முத்திரை விழுந்தது. இப்படிப் பைண்டு ஆன பிரதியைச் சேகரிப்பாளர் ஒதுக்குகிறார். ஆனால் வீடுகளில் நம் அத்தைகளும் பெரியம்மாக்களும் குமுதத்திலும் விகடனிலும் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்தார்களே, அந்தத் தொகுப்புகளைப் புரட்டிப் பாருங்கள். கதைப் பக்கத்தின் பின்பக்கத்தில் அந்த வாரத்துச் சினிமாத் துணுக்கு இருக்கும், ரேடியோ விளம்பரம் இருக்கும், புதுப்பட விளம்பரத்தில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும். முத்து காமிக்ஸில் உதிர்ந்துபோன 'வாரம்' இங்கே பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'வேலியன்ட்'டின் முழு இதழுக்கு இணையாகத் தமிழில் எதையாவது வைக்கலாம் என்றால் அது இந்தப் பைண்டு தொகுப்புதான். அதை எடைக்குப் போட்டுவிட்டு முதல் பதிப்பு மாயாவிக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எடைக்குப் போடாமல் வைத்திருந்தால் மட்டும் போதாது, கெடாமல் காக்கவும் வேண்டும். பழவேற்காடு ஏரியைச் சுற்றிய ஊர்களில் இந்தப் பொருள்களைக் காப்பாற்றுவது தனிப் பாடு. பசியாவரம், இடமணி போன்ற ஊர்களுக்கு நெடுங்காலம் படகே வழி. சிலிக்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. காற்றிலேயே உப்பும் ஈரமும் இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் வீட்டுக்குள்ளும் நீர் ஏறும். பழைய காமிக்ஸுக்கு இங்கே முதல் எதிரி நடுவில் குத்திய இரும்புப் பின். உப்புக்காற்று பட்டால் பின் துருப்பிடிக்கும், துரு தாளைத் தின்னும், நடுத்தாள் கழன்று விழும். பின்னை மெல்ல எடுத்துவிட்டுப் பழைய துளையிலேயே பருத்தி நூல் கோத்துக் கட்டுவது நல்லது. இரண்டாவது எதிரி தாளுக்குள்ளேயே இருக்கிறது. மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் தங்கிவிடும் லிக்னின் வெளிச்சத்திலும் ஈரத்திலும் அமிலமாகிப் பக்கத்தைப் பழுப்பாக்கி நொறுக்கும். செல்லோ டேப் ஒட்டினால் அது பத்தாண்டில் மஞ்சள் கறையாகும். லேமினேஷன் செய்தால் திரும்ப எடுக்கவே முடியாது. பிளாஸ்டிக் உறையில் அடைத்து வாயை ஒட்டிவிட்டால் உள்ளே சிக்கிய ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்று போகும் அட்டைப்பெட்டி, தரையிலிருந்து உயரமான பரண், இராமபாணப் பூச்சிக்கு வேப்பிலையும் வசம்பும், மழைக்காலம் முடிந்த கையோடு நிழலில் ஒரு உலர்த்தல். ஓலைச்சுவடி காத்தவர்கள் கைக்கொண்ட முறை இன்றும் பயன்படுகிறது.

இசைத்தட்டுக்கு வேறு கணக்கு. வினைல் தட்டை உப்பு ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் அட்டை உறை ஊறிப் பூஞ்சை பிடித்துப் பள்ளங்களுக்குள் இறங்கும். படுக்கவைத்து அடுக்கினால் வளையும், நிறுத்தித்தான் வைக்க வேண்டும். 78 தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். கேசட் நாடா ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்குத்தான் ஆயுள் குறைவு.

காமிக்ஸ் கதைக்குத் திரும்புவோம். 'லயன்', 'வேலியன்ட்' நாயகர்கள் பிரிட்டனில் பாப் இசையோடு மறுபடி சேர்ந்த கதையும் உண்டு. '2000 ஏ.டி.' இதழில் கிராண்ட் மாரிசன் எழுதி ஸ்டீவ் யோவெல் வரைந்த 'ஜெனித்' 1987-இல் தொடங்கியது. அதன் நாயகன் அபூர்வ சக்தி உடையவன், தொழிலோ பாப் பாடகன். உலகைக் காப்பதைவிடத் தன் பாட்டு எத்தனையாவது இடம் என்பதில் அவனுக்கு அக்கறை அதிகம். அதன் மூன்றாம் பாகத்தில் மாரிசன் பழைய 'லயன்', 'வேலியன்ட்' நாயகர்களை வரிசையாக அழைத்து வந்தார். அவர்களில் நம் ஆர்ச்சியும் உண்டு. அன்று இங்கிலாந்தின் கிடங்குகளிலும் வயல்களிலும் இரவெல்லாம் அதிர்ந்த ஆசிட் ஹவுஸ் இசையின் பித்தனாக, சிரிக்கும் மஞ்சள் முகச் சின்னத்தோடு 'ஆசிட் ஆர்ச்சி'யாக வந்தான். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஆர்ச்சி அப்பழுக்கற்ற பழைய ஆர்ச்சியாகவே சிறுவர் கையில் இருந்தான். ஒரே ரோபோவின் இந்த இரண்டு வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் நம்மிடம் இருப்பது எவ்வளவு தனித்தன்மை உடையது என்று விளங்கும். 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ரெபெல்லியன் நிறுவனம் அந்தப் பழைய ஃப்ளீட்வே உரிமைகளை வாங்கி மாயாவி, ஸ்பைடர் கதைகளை மறுபடி நூலாக்கி வருகிறது. அந்தப் பட்டியல்களில் தமிழ்ப் பதிப்புகளுக்கு ஒரு வரியாவது சேர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எதையும் எறியாமல் சேர்த்துக் காப்பதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் அந்தச் சேகரிப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக 1994 முதல் நிலைபெற்றது. அவர் தேர்ந்தெடுத்துச் சேர்க்கவில்லை, அதனால்தான் இன்று ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அங்கே விடை கிடைக்கிறது.

பழவேற்காட்டுக் கரையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டிய இடம் சவுண்ட் சர்வீஸ்காரர்களின் ரெக்கார்டுப் பெட்டி. மீனவர் ஊர்களின் அம்மன் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர்கள் அவர்கள். நாலு பாட்டு இ.பி.களும் 'திருவிளையாடல்' போன்ற படங்களின் வசனத் தட்டுகளும் தண்ணீர் தாண்டிப் படகில் போனது அவர்கள் தோளில்தான். எந்த ஊர் எந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தது என்பதற்கு அந்தப் பெட்டியைவிட நல்ல சான்று இல்லை. பெட்டியைத் திறந்து தட்டு எண், லேபிள் நிறம், உறையில் பேனாவால் எழுதிய ஊர்ப்பெயர், விழாத் தேதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அதே ஊரில் எந்தக் கடையில் காமிக்ஸ் தொங்கியது, எந்த ஆண்டுவரை, எவர் வாங்கினார்கள் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். வைத்திருப்பவரிடமிருந்து பொருளை வாங்கிக்கொண்டு போக வேண்டாம். படமெடுத்துக்கொண்டு, பின்னை மாற்றி நூல் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். பழைய சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். அடுத்த மழைக்காலத்துக்குள் போவது நல்லது.